பருவ வயதுப் பெண்களுக்கு அந்தரங்கச் சுத்தம்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

இந்தப் பேச்சை எடுத்தாலே பெண் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த சோப்பு போடலாம்?" என்றுதான். பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. அரிப்பு, எரிச்சல் என்று சொல்கிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தால், கழுவாமல் விட்டவர்களைவிடக் கழுவிக் கழுவியே புண்ணாக்கிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அதனால் இங்கே வரிசை வேறு. உடலில் எது இயல்பு என்று தெரிந்துகொள்வது முதலில். கழுவுவது அதற்கு அப்புறம். கடையில் வாங்குவது மிகக் குறைவு. பருவ மாற்றம் தொடங்கிவிட்ட பெண் இதைத் தானே படித்துச் செய்யலாம். சின்னப் பிள்ளை என்றால் அம்மாவோ அக்காவோ உடன் உட்கார்ந்து படித்துக்காட்டட்டும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பருத்தி உள்ளாடை ஆறேழு இருக்கட்டும். எண்ணிக்கை குறைந்தால், துவைத்தது காயாத நாளில் ஈரத்தோடு போட்டுக்கொள்ளும் கட்டாயம் வந்துவிடும். இந்த வயதில் வரும் அரிப்புக்கு ஈரமும் ஒரு பெரிய காரணம்.

உங்களுக்கென்று தனித் துண்டு ஒன்று. வாசனை இல்லாத, மென்மையான சோப்பு ஒன்று. முதல் மாதவிடாய் இன்னும் வரவில்லை என்றாலும் ஒரு சிறிய பை: அதில் இரண்டு பேட், ஒரு மாற்று உள்ளாடை, கொஞ்சம் காகிதம், அழுக்கானதைப் போட ஒரு உறை. இது பள்ளிப்பையிலேயே இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தால், தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைக்காது.

தேதி குறிக்க ஒரு நாள்காட்டியோ நோட்டோ போதும்.

அப்புறம், கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய ஒரு பெரியவர். அம்மா, அத்தை, டீச்சர், யாராக இருந்தாலும் சரி. "ஏதாவது என்றால் உங்களிடம்தான் வருவேன்" என்று அவரிடம் முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு ஆளைத் தேடினால், பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமலே நாள் போய்விடும்.

வாங்க வேண்டாதவை: அந்தரங்கத்துக்கென்று விற்கும் வாசனைத் திரவம், ஸ்ப்ரே, வாசனை பேட், டால்கம் பவுடர், நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம்.

2. எது உள்ளே, எது வெளியே

உயிரியல் புத்தகத்தில் உள்ள படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக மூன்று திறப்புகள்: சிறுநீர்த்துளை, யோனித் திறப்பு, மலத்துளை. சிறுநீரும் மாதவிடாயும் ஒரே வழியாகத்தான் வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிறையப் பேர். இந்தக் குழப்பம் தீராமல் அடுத்த படிகள் புரியாது.

வெளியே தெரியும் தோல் மடிப்புகள் நீங்கள் கழுவ வேண்டிய பகுதி. யோனிக்குள்ளே இருப்பது கழுவக்கூடாத பகுதி. அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பருவமடைந்த பெண்ணின் யோனியை pH 3.8 முதல் 4.5 வரையிலான அமிலத்தன்மையில் வைத்திருக்கின்றன (pH என்பது அமில அளவு; 7-க்குக் கீழே போனால் அமிலம்). கெட்ட கிருமிகள் பெருகாமல் தடுப்பது இந்த அமிலம்தான். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. அதை உள்ளே செலுத்தினால் காவலை நாமே கலைத்துவிடுகிறோம். உள்ளே தண்ணீரைப் பீய்ச்சுவதும் அப்படித்தான்.

தோல் மடிப்புகள் ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சிறிதாக இருக்கலாம். நிறம் மற்ற இடங்களைவிடக் கறுப்பாக இருக்கலாம். பருவ வயதில் ஹார்மோன் மாறும்போது அங்கே நிறம் கூடுவது இயல்பு. தேய்த்துப் போக்க அது அழுக்கு இல்லை.

3. வெள்ளைப்படுதலைக் கவனிக்கப் பழகுங்கள்

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே வெள்ளைப்படுதல் தொடங்கும். இது நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம். இதனால் உடல் மெலிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள்; இரண்டுக்கும் தொடர்பில்லை. அதை நிறுத்த மருந்து தேட வேண்டியதும் இல்லை.

தெளிவாகவோ பால் நிறத்திலோ இருந்து, அரிப்பும் துர்நாற்றமும் இல்லையென்றால் அது இயல்பானது. மாதத்தின் நடுவில், கருமுட்டை வெளியாகும் சமயத்தில், வழவழவென்று இழுபடும், அதுவும் சரி. உள்ளாடையில் காய்ந்தால் லேசான மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து சோப்பை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஓரிரு மாதம் சும்மா கவனியுங்கள். உங்களுக்கு எது வழக்கம் என்று தெரிந்துவிட்டால், மாறும்போது உடனே கண்டுபிடித்துவிடலாம். தினமும் மெல்லிய பேட் வைத்து அதை மறைக்க வேண்டாம். வெள்ளைப்படுதல் கண்ணில் படாமல் போகும், காற்றும் புகாது.

4. தினமும் கழுவும் வரிசை

ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். அதிகம் வியர்த்தால், விளையாடி வந்தால், மாதவிடாய் நாளில், இன்னொரு முறை.

முதலில் கை கழுவுங்கள். பெரும்பாலானோர் கடைசியில்தான் கை கழுவுகிறார்கள். விரல் நகத்தில் உள்ள கிருமி நேராகச் சிறுநீர்த்துளைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த முதல் கழுவல்.

அடுத்து, வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரை முன்னாலிருந்து பின்னாக ஊற்றி, விரல் நுனியால் மடிப்புகளுக்கு இடையே மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். அங்கே வெள்ளையாகப் படியும் பசை தண்ணீரிலேயே போய்விடும். நார், பிரஷ் எதுவும் வேண்டாம். சோப்பு வேண்டுமென்றால் முடி உள்ள வெளிப்பகுதிக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும், கொஞ்சமாக. உள்மடிப்புகளுக்குத் தண்ணீர் போதும். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் தண்ணீரில் கலப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய தோலுக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

மலத்துளைப் பகுதியைக் கடைசியாகக் கழுவுங்கள். அங்கே பட்ட கை திரும்ப முன்னால் வரக்கூடாது. வரிசைக்குக் காரணம் இதுதான்.

முடிவில் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தொடை இடுக்கு நன்றாக உலர்ந்த பிறகே உள்ளாடை. அவசரத்தில் அதிகம் விட்டுப்போவது இந்தப் படி. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். வளையம் வளையமாகப் படர்தாமரை வருவதும் இங்கேதான். அப்படி வந்துவிட்டால் மருந்துக்கடையில் நீங்களே கேட்டு ஏதோ ஒரு கிரீமைப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை சத்தமில்லாமல் தோலில் பரவும், பிறகு டாக்டரே எளிதில் அடையாளம் காண முடியாத அளவுக்கு உருமாறிவிடும்.

5. கழிப்பறையில்

துடைத்தாலும் கழுவினாலும் எப்போதும் முன்னிருந்து பின்னாக. பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அங்கே போய்ச் சேர்ந்தால் சிறுநீர்ப்பைக்கு வழி ரொம்பக் குறுகியது.

சிறுநீரை அடக்குவது இன்னொரு தவறு. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் எங்கும் இருக்கிறார்கள். குறை கழிப்பறையில் இருக்க, விலை கொடுப்பது அந்தப் பெண்ணின் சிறுநீர்ப்பை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவது நல்லது. உட்காரப் பிடிக்காமல் பாதி நின்றபடி போனால் சிறுநீர் முழுதாக வெளியேறாது. இருக்கையைத் துடைத்துவிட்டு, மேலே காகிதம் விரித்து உட்காருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது, எனவே அதையும் சரிசெய்ய வேண்டும்.

இது பிள்ளைகளால் மட்டும் ஆகும் காரியம் இல்லை. தண்ணீர், தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைக்கூடை, இந்த மூன்றும் கழிப்பறையில் இருக்கிறதா என்று பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டும்.

6. உள்ளாடை

தினமும் மாற்றுங்கள். வியர்த்து நனைந்தால் அப்போதே. இரவில் தளர்வான ஆடை போதும், உள்ளாடை இல்லாமல் தூங்கினாலும் தவறில்லை. சோப்பு நுரை போகும்வரை அலசுங்கள். துணியில் தங்கிய சோப்பும் அரிப்பைத் தரும். வெயிலிலோ காற்றிலோ நன்றாகக் காய வையுங்கள். யாரும் பார்க்கக் கூடாதென்று மற்ற துணிகளுக்கு அடியில் காயப்போட்டால் உள்ளே ஈரம் நிற்கும்.

7. அக்குளும் முடியும்

பருவ வயதில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் புதுவகை வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கும். அந்த வியர்வைக்குத் தனி வாசனை கிடையாது. தோலில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம். ஆகவே அழுக்கின் மேல் ஸ்ப்ரே அடிப்பது பயன்படாது. கழுவி, உலர்த்தி, சுத்தமான சட்டை போடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் டியோடரன்ட், அக்குளுக்கு மட்டும்.

அந்தரங்க முடியை எடுத்தால்தான் சுத்தம் என்பது தவறு. உராய்விலிருந்து தோலைக் காக்கிற முடி அது. நீளம் தொந்தரவாக இருந்தால் சிறிய கத்தரிக்கோலால் குறைத்துக்கொள்ளலாம். பிளேடு சிறு வெட்டுகளை உண்டாக்கும், முடிக்கால்களில் சீழ்க்கட்டி வரும், முடி உள்நோக்கி வளரும். முடி நீக்கும் கிரீம் உள்மடிப்பில் பட்டால் எரிந்துவிடும்.

8. மாதவிடாய் நாள்கள்

மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம். ஆகவே பெற்றோர் பேச வேண்டிய நேரம் மார்பு வளரத் தொடங்கும்போதே. ரத்தத்தைப் பார்த்த பிறகு பேச ஆரம்பித்தால், அந்தப் பெண் ஏற்கெனவே பயந்து முடித்திருப்பாள்.

அ) எதைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்குகிறவருக்கு வாசனையில்லாத பேட் எளிது. துணி பேடும் பாதுகாப்பானதுதான், துவைக்கவும் உலர்த்தவும் இடமிருந்தால். யோனிக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணமான கப், உள்ளே வைத்து ரத்தத்தை உறிஞ்சும் பஞ்சுச் சுருளான டேம்பான், இரண்டையும் இந்த வயதில் பயன்படுத்தலாம். ஆனால் முதல் மாதத்திலேயே அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். உடலும் மனதும் பழகட்டும்.

ஆ) எப்போது மாற்றுவது

பேட், துணி இரண்டையும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குறைவாகப் பட்டிருக்கிறதே என்று நாள் முழுக்க ஒரே பேடை வைத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ரத்தம் குறைவாக இருந்தாலும் வியர்வையும் சூடும் அங்கே தேங்கிக்கொண்டுதான் இருக்கும். நாற்றமும் தொடைப் புண்ணும் வருவது அதனால். டேம்பானுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கப் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். நேரம் தாண்டினால் அரிதாக நச்சு அதிர்ச்சி என்னும் ஆபத்தான நிலை வரலாம்: திடீர்க் காய்ச்சல், வாந்தி, வெயிலில் வெந்தது போன்ற சிவப்பு, மயக்கம். அப்படி ஆனால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இ) மாற்றும் வரிசை

கை கழுவுங்கள். பழையதை எடுத்து, ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, காகிதத்தில் மடியுங்கள். தண்ணீரால் வெளிப்பகுதியைக் கழுவி ஒற்றி உலர்த்துங்கள். புதியதை வைக்கும்போது ஒட்டும் பசை உள்ளாடையில் ஒட்ட வேண்டும். இதைத் தலைகீழாக வைத்து அவதிப்பட்டவர்கள் உண்டு, கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை. அப்புறம் மறுபடி கை கழுவல். பழைய பேட் குப்பைக்கூடைக்குத்தான் போக வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் போட்டால் நீரை உறிஞ்சி ஊதி, குழாயை அடைத்துக்கொள்ளும்.

ஈ) துணி பேடைத் துவைப்பது

பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, சோப்பு போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகி, கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய வைப்பது மிக முக்கியம். வெயில் இல்லாத நாளில் சூடான இஸ்திரி போட்டு ஈரத்தை முற்றிலும் எடுத்துவிட்டு, சுத்தமான பையில் வையுங்கள்.

கப் என்றால் ஒவ்வொரு மாதவிடாயின் தொடக்கத்திலும் முடிவிலும் உறையில் சொல்லியபடி கொதிக்க வைக்க வேண்டும்.

உ) தேதி குறிப்பது

ரத்தம் தொடங்கிய முதல் நாளைக் குறியுங்கள். அடுத்த முறை தொடங்கும் முதல் நாள் வரை எண்ணுங்கள். பலர் நின்ற நாளிலிருந்து எண்ணி, "எனக்கு இருபது நாளிலேயே வருகிறது" என்று கலங்குகிறார்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு. இரண்டு முதல் ஏழு நாள் ரத்தப்போக்கும் அப்படியே. முதல் ஓரிரு ஆண்டு முன்பின்னாகத்தான் இருக்கும், ஏனென்றால் கருமுட்டை மாதந்தோறும் வெளியாவது இன்னும் ஒழுங்குபட்டிருக்காது.

ஊ) வலி

கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அடிவயிற்று வலிக்குக் காரணம். வெந்நீர்ப்பை உதவும், நடப்பதும் உதவும். இபுபுரோஃபென் வகை மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பிட்ட பின் போடுவது பலன் தரும். அளவை முதல் முறை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

"பொறுத்துக்கொள், எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற பதில் எனக்கு ஒப்பாது. மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கிற வலி காட்டிப் பார்க்க வேண்டிய வலி. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோய்கள் இந்த வயதிலும் வரும்.

9. எப்போது டாக்டரிடம் போவது

தயிர்போலக் கட்டியாக வெள்ளைப்பட்டு, அரிப்பு தாங்கவில்லை: பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடிக்கிறது: நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் தோழி போட்ட மாத்திரையை நீங்களும் வாங்கிப் போடக்கூடாது.

சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி முட்டல் இருந்தால் அன்றோ மறுநாளோ காட்டுங்கள். கூடவே காய்ச்சல், இடுப்புக்குப் பக்கவாட்டில் வலி என்றால் தள்ளிப்போடவே கூடாது; தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம்.

மாதவிடாய் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைவது, 2.5 செ.மீ.க்கும் பெரிய ரத்தக்கட்டிகள் வெளியேறுவது, ஏழு நாள் தாண்டியும் நிற்காதது, மூன்று மாதம் வராமலே இருப்பது, 15 வயதாகியும் தொடங்காதது. அதிக ரத்தப்போக்கு உள்ளவர் களைப்பாக, மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12 வயதுக்கு மேல் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முதல் மாதவிடாயிலிருந்தே ரத்தம் கொட்டினால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லலாம்.

ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால், மாதவிடாய் வலி என்று படுத்துக்கொள்ளாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

யாராவது அங்கே தொட்டு, உங்களுக்குப் பிடிக்காதது நடந்திருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் நம்பும் பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள். தவறு உங்களுடையது இல்லை. ஒருவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

10. டாக்டரைப் பார்க்கும்போது

போவதற்கு முன் நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு போகத் தோன்றும். வேண்டாம். வழக்கம்போல இருங்கள், கழுவிவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டியதே போய்விடும். கிரீம் ஏதாவது பூசியிருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள், டியூபையே கொண்டுபோனாலும் சரி.

வாயால் சொல்லக் கூச்சமென்றால் எழுதிக் கொடுங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா. பெரும்பாலும் கேள்விகளும் ஒரு சிறுநீர்ச் சோதனையுமே போதும். உடலைப் பார்க்க வேண்டியிருந்தால் எதற்கு என்று முதலில் கேளுங்கள், நீங்கள் நம்பும் பெண் ஒருவரை உடன் நிற்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தச் சந்திப்பிலேயே எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் இந்த ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த வயதில் ஒன்றோ இரண்டோ தவணை போதும். வயது தாண்டியிருந்தாலும் கேளுங்கள். போட முடியுமா, எத்தனை தவணை என்று டாக்டர் சொல்வார்.